பனைக்குத் தடை, பளிங்குக் குவளைக்குப் பாராட்டு!

ஒரு நாட்டு மக்கள் எதைக் குடிக்கின்றனர் என்பதைவிட, எதைக் குடிப்பதை இழிவென்றும் எதைக் குடிப்பதை உயர்வென்றும் அவர்கள் கருதுகின்றனர் என்பதே அவர்தம் மனத்தின் அடிமைநிலையை அளந்து காட்டும் கோலாகும். அக் கோலைக் கொண்டு இன்று அளந்து பார்க்கத் தக்க இடம், குன்றத்தூரும் அதனை அடுத்துத் திருப்பெரும்புதூர், ஒரகடம் என விரிந்து கிடக்கும் தொழில் வட்டாரமும் ஆகும்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின்மேல் முருகன் கோயிலும், கீழே சேக்கிழார் எடுப்பித்த திருநாகேச்சரமும், அருகில் செம்பரம்பாக்கத்துப் பேரேரியுமாக விளங்கிய உழவர் ஊர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஊண்டாய் மகிழுந்து ஆலை இயங்கத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் கதவடைத்துச் சென்றது. 2010-இல் ஒரகடத்தில் இரெனோ-நிசானும், 2012-இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் எழுந்தன. நெல்வயல்கள் அடுக்கு வீடுகளாயின. பொறிஞரும் மேலாளரும் அவற்றில் குடியேறினர்; ஒப்பந்தத் தொழிலாளர் ஓரறையில் நால்வரும் அறுவருமாகத் தங்கலாயினர்.

காரியும் ஞாயிறும் விடுமுறையாகக் கிடைக்கப்பெற்ற குடும்பங்கள் மகிழுந்தில் ஏறிப் புறப்படுகின்றன. உழைத்துக் களைத்தவன் மனைவி மக்களோடு ஊர் காணச் செல்வதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அண்மை ஆண்டுகளில் அச் செலவுகளிற் பலவற்றிற்கு ஒரு புதிய இலக்கு ஏற்பட்டுள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்கும், மேற்கே நெடுஞ்சாலை வழியே பெங்களூருக்கும் செல்வோர், ஆங்காங்குள்ள பீர்க் கூடங்களைத் தேடிச் செல்கின்றனர். புட்டியில் அடைத்து வரும் பீரை விற்கும் கடைகள் அல்ல இவை. கூடத்திலேயே பெரிய செப்புக் கலன்களும் எஃகுக் கலன்களும் நிறுத்தி, அங்கேயே ஊறவைத்து, அங்கேயே நொதிக்கவைத்து, அங்கேயே குவளையில் ஊற்றிக் கொடுப்பவை. 2009-இல் புனேயில் டூலாலி என்னும் கூடம் இவ்வகையில் தோன்றியது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளிலிருந்து பெங்களூரில் இவை பெருகின. புதுச்சேரியும் பின்தொடர்ந்தது. இன்று அங்குப் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறு பக்கமுமாக அமர்ந்து, பிள்ளைகளுக்குப் பொரித்த கிழங்கும் பழச்சாறும், பெற்றோர்க்கு நுரை ததும்பும் குவளைகளுமாகப் பகற்பொழுதைக் கழிப்பது நாகரிகமாயிற்று.

இதனைப் பாராட்டுவோர் சொல்லும் சொற்கள் எண்ணத் தக்கவை. “இஃது ஆலைச் சரக்கன்று, புதியது, செய்தவனைக் கண்ணால் காணலாம், உணவோடு அளவாகக் குடிக்கலாம், குடும்பத்தோடு அமரலாம், அந்தந்த ஊருக்கே உரியது” என்கின்றனர். இவற்றுள் முதல் ஐந்தும் உண்மையாகவே இருக்கட்டும். ஆறாவதைத்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

பீர் என்பது வாற்கோதுமைக் கள். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவு இனிப்பாக மாறும். அவ் வினிப்பு நீரை ஆப்பு என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, நொதியைச் சேர்த்துச் சில நாள் வைத்தால் அது பீராகும். வாற்கோதுமை விளைவது இராசத்தான், அரியானா, உத்தரப்பிரதேசம் போன்ற வடபுலங்களில். சிறப்பு வகை முளைத்தவசமும் ஆப்புப் பூவும் பெரும்பாலும் செருமனி, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. உள்ளூரிலிருந்து அதனுட் சேர்வது தண்ணீர் ஒன்றே. ஓர் ஊரின் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எல்லாம் வெளியிடங்களிலிருந்து தருவித்துச் செய்யும் ஒன்றை ‘உள்ளூர்க் குடி’ என்பது, தண்ணீரை மட்டும் தமிழ்நாட்டில் ஊற்றிக் குழைத்த அயல்நாட்டுச் சாந்தால் கட்டிய வீட்டைத் தமிழர் கட்டடக்கலை என்பதை ஒக்கும்.

செருமனியின் பவேரியப் பகுதியில் இச் சொல் பொருந்தும். பீரில் வாற்கோதுமை, ஆப்பு, தண்ணீர் ஆகிய மூன்றையன்றி வேறொன்றும் சேர்த்தலாகாது என 1516-இலேயே அங்குச் சட்டம் இயற்றினர். அம் மூன்றும் அம் மண்ணில் உள்ளவை. அவர்தம் பீர்த் தோட்டங்களில் மரநிழலில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து, வீட்டிலிருந்து கொணர்ந்த உணவையே உண்ணலாம். உழவனும் பேராசிரியனும் ஒரே நீண்ட பலகையில் அமர்கின்றனர். அங்கு உழவன் விளைத்தது உழவன் குவளைக்கே திரும்பி வருகின்றது. அங்ஙனமாயின் தொண்டைநாட்டில் உள்ளூர்க் குடி என்று எதனைச் சொல்வது?

இவ் வினாவிற்கு விடை ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்நூலிலேயே உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் தன் சுற்றத்தோடு செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூல். அவ் வழியில் வலைஞர் குடியிருப்பில் அவன் பெறும் விருந்தைக் கூறுமிடத்து, குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆக்குவதும், அதனை அகன்ற தட்டில் ஆறவிடுவதும், நல்லடை சேர்த்துப் பிசைவதும், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியச் சாடியில் முதிரவிடுவதும், பின்னர்ப் பிழிந்தெடுப்பதும் முறையாகச் சொல்லப்படுகின்றன. நல்லடை என்பது நெல்முளையால் ஆனது என்பர் உரைகாரர். முளைத்த தவசத்தைக் கொண்டு மாவை இனிப்பாக்கி நொதிக்கவிடும் இம் முறையின் அடிப்படையும், பெங்களூர்க் கூடத்தின் எஃகுக் கலனில் நிகழ்வதன் அடிப்படையும் ஒன்றே. குன்றத்தூரிலிருந்து புறப்படும் குடும்பம் முந்நூறு கிலோமீட்டர் சென்று வியந்து காணும் அத் தொழில்நுட்பம், அக் குடும்பம் குடியிருக்கும் தொண்டைநாட்டு மண்ணிலேயே வலைஞர் குடிசையில் இருந்தது. அதுவும் வழிச்செல்லும் சுற்றத்தாருக்குச் சுட்ட மீனோடு அளிக்கும் விருந்தாக இருந்தது.

கொரியர் இதற்கு ஒரு பாடம் சொல்வர். திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் அவர்தம் ஆலைகளோடு அவர்தம் உணவகங்களும் வந்துள்ளன. அவர்கள் நாட்டில் வேகவைத்த அரிசியையும் நுருக்கு என்னும் நொதிக்கட்டியையும் கொண்டு ஊறவைக்கும் மாக்கொல்லி என்னும் உழவர் குடி உண்டு. சப்பானியர் ஆட்சியில் வரிச் சட்டங்களால் வீட்டில் ஊறவைப்பது ஒடுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் 1965-இல், உணவுப் பற்றாக்குறையைக் கூறி, அரிசியால் அதனைச் செய்வதை அந் நாட்டரசே தடுத்தது. பின்னர் அத் தடை நீங்கியது. 1995 முதல் வீட்டில் ஊறவைப்பதற்கும் வழி திறந்தது. 2021-இல் மாக்கொல்லி ஊறவைக்கும் கலையை அந் நாட்டின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அரசு அறிவித்தது. ஒரு காலத்தில் குற்றமாக்கியதை அவர்கள் மீண்டும் தம்முடையதாக்கிக் கொண்டனர். அவர்களிடம் கூலிக்கு உழைக்கும் தமிழனோ, தன்னுடையதைக் குற்றமாகவே வைத்துக்கொண்டிருக்கின்றான்.

தமிழனுடையதில் இன்றும் உயிரோடு எஞ்சி நிற்பது பனை. 1978-இல் தமிழ்நாட்டின் அரசு மரமாக அறிவிக்கப்பட்டது அது. 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும், 76 இலக்கம் பனைவிதைகள் வழங்கப்படும் என்றும் அறிவித்தனர். அந்தப் பனையில் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவுகின்றவன், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதியே அதனைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். கப்பலில் வந்த பூவும் வேண்டா, கொதிகலனும் வேண்டா. சுண்ணாம்பு தடவியவன் உழவன், தடவாதவன் குற்றவாளி! மரத்தைக் காப்பதற்கு ஆணை. மரத்தில் ஏறுபவன்மேல் வழக்கு! இதுவே இன்றைய சட்டம்.

இச் சட்டம் வந்த வழியையும் அறிதல் வேண்டும். 1921-ஆம் ஆண்டை ஒட்டிய கள்ளுக்கடை மறியற் காலத்தில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937-இல் இராசாசி ஆட்சியில் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியில் அது தளர்த்தப்பட்டது. 1973, 1974-இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் எம்.சி.ஆர். ஆட்சியில் திறக்கப்பட்டன. 1983-இல் டாசுமாக் நிறுவனம் தோன்றியது. 1987 சனவரி முதல் நாளிலிருந்து கள்ளும் சாராயமும் தடுக்கப்பட்டன. ஆலைச் சரக்கு தடுக்கப்படவில்லை. 2003 நவம்பரில் அதன் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றுக்கொண்டது. 2023 சூனில் 500 கடைகளை மூடிய பின்னும் 4,829 கடைகள் எஞ்சின. 2024–25-இல் அவ் விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 48,344 கோடி உருபா.

குடியை எதிர்த்த பெரியார் தம் வருவாயை வெட்டினார். குடியை எதிர்ப்பதாகக் கூறும் அரசோ, தன் வருவாயை வளர்த்துக்கொண்டு பனையேறியின் வருவாயை வெட்டியது. இவ் விரண்டிற்கும் ‘மதுவிலக்கு’ என்னும் ஒரே பெயர் வழங்குவது தமிழுக்கு நேர்ந்த இழுக்கு.

இத் தடைக்குக் கூறப்படும் ஏது ஒன்றுண்டு. கள்ளில் மயக்க மருந்துகளைக் கலந்தனர். அதனால் ஏழை மக்கள் உடல்நலம் கெட்டது என்பதே அது. அக் கலப்படம் நடந்தது மெய்யே. அதனை மறைத்தல் தகாது. ஆயினும், கலப்படம் செய்தவனை விட்டுவிட்டுக் கலக்கப்பட்ட பொருளைத் தடுப்பது எப் பொருளுக்கு இல்லாத முறை? பாலில் கலப்படம் உண்டு, பால் தடுக்கப்படவில்லை. எண்ணெயில் கலப்படம் உண்டு, செக்கு மூடப்படவில்லை. அண்டையிலுள்ள கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று நடக்கின்றன. அவற்றுட் பல, கப்பைக் கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் பேர்பெற்றுக் குடும்பத்தார் அமர்ந்துண்ணும் உணவகங்களாகவே வளர்ந்துள்ளன. யாழ்ப்பாணத்தில் 1970-களிலிருந்து பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைத் திரட்டித் தவறணைகளில் விற்கின்றன, புட்டியிலும் அடைக்கின்றன. 1978-இல் பனைக்கென்றே அங்கு ஓர் அரசு வாரியம் அமைந்தது. சேரநாட்டானுக்கும் ஈழத்தமிழனுக்கும் கைவந்த கண்காணிப்பு, தமிழ்நாட்டு அரசுக்கு மட்டும் கைவராதென்றால், அஃது இயலாமையன்று, விருப்பமின்மையே.

இதுவரை கூறியவற்றால், கள்ளைக் குடிக்கச் சொல்வதாக எவரும் பொருள்கொள்ள வேண்டா. கள்ளுண்ணாமைக்கென்றே ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழியினர்க்கு அது தகாது. அவ் வதிகாரம் பனங்கள்ளுக்கு ஒன்றும் வாற்கோதுமைக் கள்ளுக்கு ஒன்றுமாக இரண்டு வகுக்கப்படவில்லை என்பதையே இங்குக் கருத வேண்டும். ஐந்து விழுக்காடு வெறியம் உடைய பீர் அரை இலிட்டரில் ஏறத்தாழ 20 கிராம் வெறியம் உள்ளது. செப்புக் கலனில் செய்ததாயினும், ஆலையில் செய்ததாயினும், பனையில் இறங்கியதாயினும் ஈரல் அதனை ஒன்றாகவே அறியும். வெறியக் குடிகளைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் 1988-இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்துவிட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என 2023 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. உயர்ந்த கூடத்தின் குவளைக்கு இதில் விலக்களிக்கப்படவில்லை.

மகிழுந்தில் திரும்பும் குடும்பத்திற்கு இதனினும் உடனடியான கேடு ஒன்றுண்டு. குருதி 100 மில்லி இலிட்டரில் 30 மில்லி கிராமுக்கு மேல் வெறியம் இருப்பின் ஊர்தி ஓட்டுதல் குற்றம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி முதன்முறைக்கே ஆறு திங்கள் வரை சிறை, அல்லது 10,000 உருபா தண்டம், அல்லது இரண்டும். எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவன் வெறுவயிற்றில் அரை இலிட்டர்ப் பீரை விரைந்து குடித்தால் அவ் வெல்லையைக் கடக்க அதுவே போதும். உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வெறியத்தையே கழிக்க வல்லது. பல சுவைகளையும் பார்க்கலாம் என்று மூன்று குவளைகளை முடித்தவன், மாலை மங்கிய வேளையில் மனைவியையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் புறப்படுவானாயின், அவன் அளவறிந்து குடித்த நாகரிகன் அல்லன்; தன் குடும்பத்தையும் எதிரே வருவோன் குடும்பத்தையும் பணயம் வைத்தவனே ஆவான்.

இனி, அதே காரிக்கிழமை மாலையில் அதே தொழில் வட்டாரத்தின் மற்றொரு காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் செய்த உறுப்புகள்தாம் அம் மகிழுந்தில் பூட்டப்பட்டுள்ளன. மாற்றுவேலை முடித்து வரும் அவ் வொப்பந்தத் தொழிலாளி, கம்பித் தடுப்புக்குள் கையை நீட்டி ஒரு புட்டியை வாங்குகின்றான். அமர இடமில்லை; உடன் உண்ண நல்லுணவில்லை; செய்தவன் எவனென்று தெரியாது; செய்த முறையும் தெரியாது. நின்றவாறே விழுங்கிச் செல்கின்றான். மனைவியும் மக்களும் அவன் வரும் வழியை அஞ்சிப் பார்த்திருக்கின்றனர். அவனுக்குச் சூட்டப்படும் பெயர் குடிகாரன். கூடத்தில் குடித்தவனுக்குச் சூட்டப்படும் பெயர் சுவையறிந்தவன். குடித்த வெறியம் ஒன்று. குடித்தோரும் ஒரே நிறுவனத்தின் இரு படிகளில் நிற்போர். பெயர்கள் மட்டும் இரண்டு! சாதிக்கு ஒரு குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்டு நாணியவர், வருவாய்க்கு ஒரு குவளை வைக்கும் இவ் வேற்றுமையைக் கண்டு நாண வேண்டாவா?

இன்னும் கீழ்ப்படியில் நின்றோர் நிலையை 2023-இல் எக்கியார்குப்பமும் சித்தாமூரும், 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரமும் காட்டின. நச்சுச் சாராயம் குடித்துக் கருணாபுரத்தைச் சூழ்ந்த பகுதியில் மட்டும் அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். மாண்டோரிற் பலர் நாட்கூலிகள். கள்ளைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பர் என்று சொல்லிவிட இயலாது. ஆனால் தடுப்பதாகச் சொல்லப்படும் சட்டம் அவர்களைக் காக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எனவே இதில் அரசு செய்யத் தக்கது இரண்டில் ஒன்று. குடி தீதென்று உண்மையாகவே கருதுமாயின், கடைகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறைத்து முற்ற மூடட்டும். அந் நாளில் பனையேறியும் முழுமனத்தோடு சுண்ணாம்பு தடவுவான். மூடும் எண்ணமில்லையாயின், ஆலைச் சரக்கைத் தன் கையால் விற்றுக்கொண்டே பனங்கள்ளை மட்டும் குற்றமாக வைத்திருக்கும் முறைகேட்டை நீக்கட்டும். பனையேறிகளின் கூட்டுறவு வழியே, ஆய்வுக்குட்பட்டு, அளவுக்குட்பட்டு இறக்க இசையட்டும். இவ் விரண்டுமல்லாத மூன்றாம் வழியே இன்று நடப்பது. அதற்கு வருவாய் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லை.

குன்றத்தூர்க் குடும்பங்கள் செய்யத் தக்கதும் ஒன்றுண்டு. உள்ளூரின் சுவையைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் எல்லை தாண்ட வேண்டியதில்லை. தைப்பிறப்புக்குப் பின் கோடை முடியும் வரை பதநீர்க் காலம். விடியலில் ஏதேனும் ஒரு பனங்காட்டுக்குச் சென்று, தளைநாரும் இடுக்கியும் பாளையரிவாளும் கொண்டு ஒருவன் மரம் ஏறுவதையும், கலயத்தை இறக்குவதையும், பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றிக் கொடுப்பதையும் பிள்ளைகள் கண்ணால் காணட்டும், வாங்கிப் பருகட்டும், உரிய விலையை அவன் கையில் கொடுக்கட்டும். செய்தவனைக் காணலாம், புதிதாகக் கிடைக்கும், குடும்பத்தோடு அமரலாம், அவ் வூருக்கே உரியது என்று பீர்க் கூடத்திற்குச் சொன்ன அத்தனைப் புகழும் இங்கு மெய்யாகப் பொருந்தும். திரும்பி வருகையில் ஊர்தி ஓட்டுபவன் கையும் நடுங்காது. ஆலைகளின் உணவுக்கூடங்களும் பதநீரையும் கருப்பட்டியையும் வாங்கத் தொடங்குமாயின், இவ் வட்டாரத்து ஏரிக்கரைப் பனைகள் செங்கற்சூளைக்குப் போகாமல் நிற்கும்.

தன் மண்ணில் ஊறியதை இழிவென ஒதுக்கி, பிறன் மண்ணில் ஊறியதைப் பெருமையெனப் பருகுவோன், குடிக்கு அடிமையாகுமுன்னரே வேறொன்றற்கு அடிமையாகிவிட்டான். அவ் வடிமைத்தனம் தெளிந்தாலன்றி, எத்தனைக் கடைகளை மூடினும் திறப்பினும் தமிழனுக்கு மயக்கம் தெளியாது. பனை நிமிர்ந்தே நிற்கின்றது. அதன் கீழ் வாழ்பவனும் நிமிர்தல் வேண்டும்!